போன் பறிபோனாலும் கணக்கு பறிபோகக்கூடாது: சவுத் ஆப்பிரிக்காவுல இருக்கிற நம்ம ஆளுங்களுக்கு பாஸ்வேர்டு மேனேஜர் முழு வழிகாட்டி

ஜோபர்க்லயோ டர்பன்லயோ கொஞ்ச நாள் இருந்தவங்களுக்கு தெரியும், இங்க பாஸ்வேர்டு போறது பெரும்பாலும் எங்கேயோ இருட்டு ரூம்ல உக்காந்திருக்கிற ஹேக்கராலன்னு நாம நெனச்சுட்டு இருக்கோம், ஆனா ராபாட்ல (இங்க ட்ராஃபிக் சிக்னலுக்கு அதான் பேரு) கார் நிக்கும்போது கண்ணாடிய உடைச்சு போனை எடுத்துட்டு ஓடுறவன்தான் நமக்கு முதல் ஆபத்து. சில சமயம் லாக் பின்னையும் சொல்லுன்னு மிரட்டி வாங்கிட்டு போவான். உயிர் முக்கியம், கேட்டா குடுத்துருங்க. அதுக்கப்புறம் ரெண்டே கேள்விதான்: அந்த போனை வச்சு அவன் நம்ம கணக்குக்குள்ள போக முடியுமா? போன் இல்லாம நாம போக முடியுமா? முதலாவதுக்கு முடியாது, ரெண்டாவதுக்கு முடியும்னு பதில் வர்ற மாதிரி செட்டப் பண்றதுதான் இந்த மொத்த வழிகாட்டியும். பாஸ்வேர்டு மேனேஜர்னா உங்க எல்லா பாஸ்வேர்டையும் ஒரே மாஸ்டர் பாஸ்வேர்டால பூட்டி வைக்கிற ஆப். வெறும் அந்த ஆப்பை இன்ஸ்டால் பண்ணிட்டு பாதுகாப்பாயிட்டோம்னு இருக்கிறவங்க, போன் போன அன்னைக்கு தானே வெளிய மாட்டிக்கிட்டு முழிக்கிறாங்க.

மிட்ராண்ட்ல ஒரு அண்ணன் வீட்ல அவருக்கு இதை செட் பண்ணி குடுத்தேன். பாஸ்வேர்டு எல்லாம் எங்க வச்சிருக்கீங்கன்னு கேட்டா வாட்ஸ்அப்ப திறந்து தனக்குத்தானே அனுப்பிக்கிற சாட்டை காட்டினார். நெட்பேங்கிங், சார்ஸ் (இங்க வரி வாங்குற ஆபீஸ்) ஈஃபைலிங், ஊர்ல இருக்கிற என்ஆர்இ அக்கவுண்ட், எல்லாம் வரிசையா இருக்கு. பாஸ்வேர்டு பூராவும் பொண்ணு பேரு, ஒரு அட் குறி, அவ பொறந்த வருஷம், பேங்குக்கு மட்டும் கடைசியில ஒரு ஆச்சரியக்குறி கூடுதல். நம்மள்ல பாதி பேர் இப்படித்தான். மீதி பாதி பேருக்கு முருகன் பேரும் 108-ம். இதெல்லாம் தமிழ்ல இருக்கறதால யாருக்கும் தெரியாதுன்னு ஒரு நெனப்பு வேற, பாஸ்வேர்டு உடைக்கிற ப்ரோக்ராம்ல போடுற லிஸ்ட்ல சாமி பேரு ஊர் பேரு புள்ள பேரு எல்லாமே இருக்கு.

இந்த ஊர் பெரிய கம்பெனிங்களே இதுல தப்பிக்கல. 2022 மார்ச்ல நம்ம கடன் விவரமெல்லாம் வச்சிருக்கிற ட்ரான்ஸ்யூனியன் சவுத் ஆப்பிரிக்காவோட சர்வருக்குள்ள ஒரு கும்பல் புகுந்துச்சு, உள்ள போக பயன்படுத்தின அக்கவுண்டோட பாஸ்வேர்டே 'பாஸ்வேர்டு'ங்கிற வார்த்தைதான்னு அந்த கும்பலே சொல்லிக்கிச்சு. கம்பெனி தரப்புல ஒரு கிளையண்டோட லாகினை தப்பா பயன்படுத்திட்டாங்கன்னு மட்டும் சொன்னாங்க. அதே வருஷம் டிஸ்கெம் ஃபார்மசியோட டேட்டாவை வச்சிருந்த இன்னொரு கம்பெனி வழியா 36 லட்சத்துக்கு மேல ஆளுங்களோட விவரம் போச்சு, அடுத்த வருஷம் இன்ஃபர்மேஷன் ரெகுலேட்டர் (தனிநபர் தகவல் பாதுகாப்பை கவனிக்கிற அரசு அமைப்பு) குடுத்த நோட்டீஸ்ல பலவீனமான பாஸ்வேர்டோட ஆபத்தை கவனிக்கலன்னு ஒரு குற்றச்சாட்டே இருந்துச்சு. இப்படி ஒரு இடத்துல வெளிய வர்ற ஈமெயிலையும் பாஸ்வேர்டையும் எடுத்து மத்த எல்லா சைட்லயும் மெஷின் வச்சு போட்டு பாப்பாங்க. ஒரே பாஸ்வேர்டை பத்து இடத்துல வச்சிருந்தா பத்தும் போச்சு. உங்க ஈமெயில் ஏற்கனவே எதுலயாவது கசிஞ்சிருக்கான்னு பாக்கணும்னா ஆஸ்திரேலியாக்காரர் ட்ராய் ஹன்ட் 2013-ல ஆரம்பிச்ச 'ஹேவ் ஐ பீன் பௌன்ட்' சைட்ல போட்டு பாருங்க, இலவசம்.

எதை எடுக்கிறது

நான் பிட்வார்டன் சொல்வேன். இலவச கணக்குலயே எத்தனை பாஸ்வேர்டு வேணா வைக்கலாம், எத்தனை போன் லேப்டாப்ல வேணா போடலாம், ஓப்பன் சோர்ஸ், அதாவது ப்ரோக்ராமை யார் வேணா பாத்து சோதிக்கலாம். ஒன்பாஸ்வேர்டும் நல்லாதான் இருக்கு, ஆனா காசு, டாலர் ஏறும்போதெல்லாம் ரேண்ட்ல வயித்தெரிச்சல். க்ளவுட்டே வேணாம்னு சொல்றவங்களுக்கு கீபாஸ்எக்ஸ்சி இருக்கு, ஆண்ட்ராய்டுல கீபாஸ்டிஎக்ஸ், எல்லாம் ஒரே ஃபைலுக்குள்ள பூட்டி இருக்கும், அந்த ஃபைலை பத்திரமா காப்பி எடுத்து வைக்கிறது முழுக்க உங்க பொறுப்பு. லேப்டாப்ல ஒரு மாத்தம் போன்ல ஒரு மாத்தம்னு பண்ணி ரெண்டு ஃபைல் வேற வேற ஆகிடுச்சுன்னா ஒண்ணு சேக்கிற வேலையும் உங்களோடது. கம்ப்யூட்டர்ல பழக்கம் உள்ளவங்களுக்கு ஓகே.

குரோம்ல சேவ் ஆகுறதே போதாதான்னு எல்லாரும் கேக்குறாங்க. ஒரே பாஸ்வேர்டை எல்லாத்துக்கும் வைக்கிறதுக்கு அது எவ்வளவோ மேல். ஆனா ஆண்ட்ராய்டு போனோட லாக் பின் தெரிஞ்சா அந்த பாஸ்வேர்டு எல்லாத்தையும் திறந்து பாக்கலாம், ஐபோன்லயும் ஸ்டோலன் டிவைஸ் ப்ரொடெக்ஷன் ஆன் பண்ணலன்னா இதே கதைதான். பின்னை மிரட்டி வாங்குற ஊர்ல அது ஒத்து வராது. போன் பூட்டு வேற, பாஸ்வேர்டு பூட்டு வேறன்னு இருக்கணும்.

லாஸ்ட்பாஸ்ங்கிற இன்னொரு பாஸ்வேர்டு மேனேஜரோட கதை தெரிஞ்சவங்க 'க்ளவுட்ல இருக்கிறதையே திருடிட்டாங்களே'ன்னு கேப்பாங்க. ஆமா, 2022-ல கஸ்டமர்களோட வால்ட் (பாஸ்வேர்டு எல்லாம் இருக்கிற பெட்டகம்) பேக்கப்பையே எடுத்துட்டு போனாங்க. பாஸ்வேர்டு எல்லாம் என்க்ரிப்ட் ஆகிதான் இருந்துச்சு, ஆனா எந்தெந்த சைட்டுங்கிற அட்ரஸ் திறந்து கிடந்துச்சு. திருடினவன் ஒவ்வொருத்தரோட மாஸ்டர் பாஸ்வேர்டையும் நிதானமா யூகிச்சு பாக்கலாம், அவனுக்கு அவசரமே இல்ல. அப்படி ஒரு நாள் வந்தாலும் தாங்குற அளவுக்கு மாஸ்டர் பாஸ்வேர்டு இருந்தா பயப்பட வேணாம், அதனாலதான் அடுத்த விஷயத்துல நேரம் செலவழிக்கணும்.

மாஸ்டர் பாஸ்வேர்டு

பிட்வார்டன் குறைஞ்சது 12 எழுத்து கேக்கும். அதை விடுங்க, சம்பந்தமே இல்லாத ஆறு வார்த்தை வைங்க. சம்பந்தமே இல்லாதன்னா நெஜமாவே இல்லாம இருக்கணும். நாம யோசிச்சு எடுத்தா குறள்ல முதல் அடி, சினிமா பாட்டு, குலதெய்வம்னுதான் போவோம், மனுச மூளை அப்படித்தான். அதுனால ஆறு பக்கம் உள்ள பகடைய வச்சு உருட்டுற முறை ஒண்ணு இருக்கு, 7776 வார்த்தை உள்ள லிஸ்ட்ல பகடைய அஞ்சு தடவை உருட்டி வர்ற நம்பருக்கு எதிர்ல உள்ள வார்த்தைய எடுக்கணும், ஒவ்வொரு வார்த்தைக்கும் இப்படி. உருட்ட பொறுமை இல்லன்னா பிட்வார்டன்லயே ஜெனரேட்டர்ல பாஸ்ஃப்ரேஸ்னு ஒண்ணு இருக்கு, அதுவும் அப்படித்தான் எடுத்து குடுக்கும். ஆனா அது குடுக்கிறது இங்கிலீஷ் வார்த்தை, அம்மாவுக்கோ மாமாவுக்கோ செட் பண்றீங்கன்னா தமிழ் அகராதிய கண்ணை மூடிட்டு திறந்து விரல் வச்ச இடத்துல உள்ள வார்த்தைய எடுத்து இங்கிலீஷ் எழுத்துல டைப் பண்ற மாதிரி எழுதிக்கலாம். 'ஏணி குடம் சலவை முறுக்கு ஓடை நகம்' இந்த மாதிரி வரும். இதையே எடுத்து வச்சிராதீங்க, இது இப்ப இங்க எழுதியாச்சு.

ஸ்பெல்லிங் முக்கியம். முறுக்குக்கு ஒரு நாள் ஒரு யூ, இன்னொரு நாள் ரெண்டு ஓ போட்டா உள்ள விடாது. பேப்பர்ல எந்த ஸ்பெல்லிங்ல எழுதினீங்களோ அதையே ஒரு வாரம் தினமும் கையால டைப் பண்ணி பழகுங்க. வார்த்தைகளை வச்சு ஒரு கோக்குமாக்கான கதை கட்டிக்கிட்டா சீக்கிரம் மனசுல நிக்கும். இதை மறந்தா பிட்வார்டன் கம்பெனியால கூட திரும்ப எடுத்து தர முடியாது, அவங்ககிட்டயே அது இல்ல.

அக்கவுண்ட் ஆரம்பிக்கிறது

1. முதல்ல ஒரு தனி ஈமெயில் ஓப்பன் பண்ணுங்க. போன்ல லாகின் பண்ணவே பண்ணாதீங்க, வீட்டு லேப்டாப்ல மட்டும். ஏன்னா போனும் பின்னும் கையில இருக்கிறவனுக்கு உங்க ஜிமெயிலும் எஸ்எம்எஸ்ஸும் திறந்துதான் கிடக்கும், 'ஃபர்காட் பாஸ்வேர்டு' அழுத்தினா லிங்க் அதுக்குத்தான் வரும். பாஸ்வேர்டு மேனேஜர் எவ்வளவு நல்லா இருந்தாலும் இதை தடுக்க முடியாது. சார்ஸ், இன்னும் எங்கெங்க மாத்த விடுதோ அங்கெல்லாம் ரெக்கவரி ஈமெயிலா இந்த தனி ஈமெயிலை குடுங்க. இந்த வழிகாட்டில ஒண்ணே ஒண்ணுதான் செய்ய முடியும்னா நான் இதைத்தான் செய்ய சொல்வேன்.

2. லேப்டாப்ல பிட்வார்டன் டாட் காம் போய் அந்த ஈமெயில்ல அக்கவுண்ட் ஆரம்பிங்க. சர்வர் அமெரிக்காவா ஐரோப்பாவான்னு கேக்கும். எதுவா இருந்தாலும் பரவால்ல, எதை எடுத்தோம்னு எழுதி வைங்க, வேற சர்வர்ல லாகின் பண்ணினா பாஸ்வேர்டு சரியா இருந்தும் தப்புன்னுதான் சொல்லும், அதுல பயந்து போனவங்க நெறைய பேர்.

3. மாஸ்டர் பாஸ்வேர்டுக்கு ஹின்ட் கேட்டா காலியா விடுங்க.

4. ப்ரௌசர்ல எக்ஸ்டென்ஷன் போடுங்க, போன்ல ஆப் போடுங்க. போன்ல ப்ளே ஸ்டோர், ஆப் ஸ்டோர் தவிர வேற எங்கேயும் எடுக்காதீங்க, யாராவது வாட்ஸ்அப்ல ஏபிகே (ஆப் ஃபைல்) அனுப்பினா தொடவே தொடாதீங்க.

5. போன் ஆப்ல செட்டிங்ஸ் போய் வால்ட் டைம்அவுட்டை (தானா பூட்டிக்கிற நேரம்) ஒரு நிமிஷம் வைங்க. திறக்கிறதுக்கு தனி பின் போடுங்க, போன் பின் இல்லாத வேற நம்பர். அஞ்சு தடவை தப்பா போட்டா லாக்அவுட் ஆகிடும், அப்புறம் மாஸ்டர் பாஸ்வேர்டு கேக்கும். கைரேகை வசதிதான், ஒத்துக்கிறேன், ஆனா வெளிய எடுத்துட்டு போற போன்ல நான் வைக்க மாட்டேன். வீட்டு லேப்டாப்ல தாராளமா வைங்க.

6. ரெண்டாவது பூட்டு. லேப்டாப் ப்ரௌசர்ல பிட்வார்டன் சைட்ல லாகின் பண்ணினா வர்றதுதான் வெப் வால்ட், அங்க செட்டிங்ஸ்ல செக்யூரிட்டி, டூ-ஸ்டெப் லாகின் போய் ஆத்தென்டிகேட்டர் ஆப் (லாகினுக்கு ஓடிபி மாதிரி நம்பர் தர்ற ஆப்) எடுங்க. ஏஜிஸ், என்டே ஆத் மாதிரி ஒண்ணு. அங்கேயே ரெக்கவரி கோடுன்னு ஒரு நீள எழுத்து இருக்கும், பேப்பர்ல எழுதுங்க, ஸ்க்ரீன்ஷாட் எடுக்காதீங்க. போன்ல இருக்கிற ஆத்தென்டிகேட்டரை வீட்ல டிராயர்ல கிடக்கிற பழைய போன்லயும் ஏத்தி வைங்க, சிம் இல்லாட்டியும் அது வேலை செய்யும்.

எஸ்எம்எஸ் ஓடிபி போதாதான்னா, இங்க சிம் ஸ்வாப் பழைய தொழில். உங்க பேர்ல புது சிம் வாங்கிட்டான்னா ஓடிபி எல்லாம் அவனுக்குத்தான். இன்னொண்ணு, 2023-ல ஸ்டேஜ் 6 லோட் ஷெடிங் ஓடினப்ப கரண்ட் போய் கொஞ்ச நேரத்துல டவர் பேட்டரியும் போய், சிக்னலே இல்லாம ஓடிபிக்கு காத்துக் கிடந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஆத்தென்டிகேட்டர் 30 செகண்டுக்கு ஒரு தடவை தானா நம்பர் போடும், நெட்வொர்க்கே தேவையில்ல.

பேப்பர்

இதுதான் ரொம்ப பேர் விட்டுடுற இடம். பிட்வார்டனோட டூ-ஸ்டெப்பை செட் பண்ணாதவங்க புது லேப்டாப்ல லாகின் பண்ணினா ஈமெயிலுக்கு ஒரு கோடு அனுப்பும். ஈமெயிலுக்கு போகணும்னா ஈமெயில் பாஸ்வேர்டு வேணும். அது பிட்வார்டனுக்குள்ள இருக்கு. பீரோ சாவிய பீரோவுக்குள்ள வச்சு பூட்டின கதை. டூ-ஸ்டெப் கோடையும் பிட்வார்டனுக்குள்ளயே வச்சா அதே கதைதான்.

அதனால ரெண்டு பேப்பர். ஒண்ணுல மாஸ்டர் பாஸ்வேர்டு, தனி ஈமெயிலோட பாஸ்வேர்டு. இன்னொண்ணுல பிட்வார்டன் ரெக்கவரி கோடு, ஈமெயிலோட பேக்கப் கோடுகள், எந்த சர்வர், சிம்மோட பியூகே நம்பர் (சிம் பூட்டிக்கிட்டா திறக்கிற நம்பர்). ரெண்டையும் ஒரே இடத்துல வைக்காதீங்க. வீட்டு சேஃப்ல வைக்கலாம்னு நெனப்பீங்க, இங்க வீடு புகுந்தா சேஃபையே பேத்து எடுத்துட்டு போவான். ஒண்ணு வீட்ல அரிசி டப்பாவுக்கு பின்னாடியோ சாமி படத்துக்கு பின்னாடியோ, இன்னொண்ணு நம்பிக்கையான சொந்தக்காரங்க வீட்ல ஒட்டின கவர்ல. மேல தலைப்பு எதுவும் எழுதாதீங்க. மனைவிக்கோ கணவனுக்கோ எங்க இருக்குன்னு கட்டாயம் தெரியணும். காசு கட்டுற ப்ளான்ல எமர்ஜென்சி அக்சஸ்னு ஒண்ணு இருக்கு, நீங்க குறிச்சு வச்ச ஆள் கேட்டு, நீங்க சொன்ன நாள் வரைக்கும் நீங்க மறுக்கலன்னா அவருக்கு திறக்கும். வசதி இருந்தா போடுங்க, ஆனா பேப்பருக்கு பதிலா இல்ல.

பழைய பாஸ்வேர்டை கொண்டு வர்றது

குரோம்ல இருக்கிறதை எக்ஸ்போர்ட் பண்ணினா ஒரு சிஎஸ்வி ஃபைல் வரும், அதை பிட்வார்டன் வெப் வால்ட்ல இம்போர்ட் பண்ணலாம், அஞ்சு நிமிஷ வேலை. அந்த ஃபைல்ல எல்லா பாஸ்வேர்டும் பச்சையா படிக்கிற மாதிரி இருக்கும், வேலை முடிஞ்ச உடனே டவுன்லோட்ஸ்ல அழிச்சு, ரீசைக்கிள் பின்லயும் அழிச்சு, டெஸ்க்டாப் தானா க்ளவுட்டுக்கு போற மாதிரி வச்சிருந்தா அங்கயும் அழிச்சிடணும். அப்புறம் ஒரு வாரம் எல்லாம் சரியா வேலை செய்யுதான்னு பாத்துட்டு குரோம்ல உள்ளதையும் அழிச்சு, 'சேவ் பண்ணவா'ன்னு கேக்கிறதையும் ஆஃப் பண்ணிருங்க. வாட்ஸ்அப் சாட்டையும்தான்.

இம்போர்ட் பண்ணினா பழைய மோசமான பாஸ்வேர்டு வீடு மாறிடுச்சு, அவ்வளவுதான். மாத்தணும். ஒரே நாள்ல எல்லாத்தையும் மாத்த உக்காந்தா வெறுத்துப் போய் விட்டுருவீங்க. ஈமெயில் முதல்ல, அப்புறம் செல்போன் நெட்வொர்க் அக்கவுண்ட், பேங்க், சார்ஸ் ஈஃபைலிங். ஈஃபைலிங்க ஏன் இவ்வளவு மேல வைக்கிறேன்னா, ப்ரொஃபைலை கைப்பத்தி பேங்க் டீடெய்லை மாத்தி ரீஃபண்டை தன் கணக்குக்கு திருப்புற வேலை இங்க நடக்குது, வரி புகார்களை பாக்குற டாக்ஸ் ஓம்பட் இதை விசாரிக்கிற அளவுக்கு போயிருக்கு. மீதி எல்லாம், கடை, கூரியர், ஸ்ட்ரீமிங், எப்ப லாகின் பண்றீங்களோ அப்ப மாத்திக்கலாம்.

ஜெனரேட்டர்ல 20 எழுத்து வைங்க. சில சைட் அவ்வளவு நீளம் வாங்காது, இன்னும் சிலது வாங்குற மாதிரி வாங்கிட்டு உள்ளுக்குள்ள வெட்டிடும், அதுனால மாத்தின உடனே ஒரு தடவை லாக்அவுட் பண்ணி மறுபடி உள்ள போய் பாருங்க. ஊர் பேங்குங்க சிலது குறிப்பிட்ட நாளுக்கு ஒருக்கா பாஸ்வேர்டை மாத்த சொல்லி உயிரை எடுக்கும், பழசையும் திரும்ப போடக்கூடாதுன்னும் சொல்லும், பிட்வார்டன் ஒவ்வொரு கணக்குக்கும் கடைசி அஞ்சு பழைய பாஸ்வேர்டை ஞாபகம் வச்சிருக்கும், அப்ப கை குடுக்கும். கார்டோட ஏடிஎம் பின்னை மட்டும் இதுல போடாதீங்க, அது மண்டையிலயே இருக்கட்டும்.

தினமும் பயன்படுத்துறப்ப

கன்ட்ரோல் ஷிஃப்ட் எல் அழுத்தினா லேப்டாப்ல தானா நிரப்பிடும். ஆனா அது நிரப்பாம சும்மா இருக்கிறதுதான் பெரிய லாபம்னு நான் சொல்வேன். 'உங்க பார்சல் கஸ்டம்ஸ்ல நிக்குது, கொஞ்சம் ரேண்ட் கட்டுங்க'ன்னு எஸ்எம்எஸ் வரும், லிங்க்கை அழுத்தினா பேங்க் பேஜ் அச்சு அசலா இருக்கும், லோகோ நிறம் எல்லாம் அப்படியே. நம்ம கண்ணு ஏமாந்துரும். பிட்வார்டன் லோகோவை பாக்காது, அட்ரஸை மட்டும்தான் பாக்கும், ஒரு எழுத்து மாறி இருந்தாலும் அந்த பேஜுக்கு பாஸ்வேர்டே இல்லன்னு நிக்கும். அந்த நேரம் 'என்னடா இது ஒர்க் ஆகலையே'ன்னு காப்பி பண்ணி ஒட்டினீங்கன்னா இவ்வளவு பண்ணினதும் வீண். கைய எடுத்துட்டு அட்ரஸை எழுத்து எழுத்தா படிங்க. போன் ஆப்கள்ல சில சமயம் உண்மையான ஆப்புக்கே நிரப்பாது, அங்க காப்பி பண்ணிக்கலாம், ப்ரௌசர்ல அப்படின்னா சந்தேகப்படுங்க.

புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் பொதுவான வைஃபை, டிஎஸ்டிவி, ப்ரீபெய்டு கரண்ட் வாங்குற ஆப், இதுக்கெல்லாம் இலவச பிளான்லயே ரெண்டு பேர் ஷேர் பண்ணிக்கிற ஆர்கனைசேஷன் போடலாம். ஊர்ல இருக்கிற அப்பா அம்மாவுக்கு இதெல்லாம் தலைவலின்னா விட்டுருங்க. வீட்லயே இருக்கிறவங்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகத்துல வேற வேற பாஸ்வேர்டு எழுதி பீரோவுல வைக்கிறது, ஒரே பாஸ்வேர்டை எல்லாத்துக்கும் வைக்கிறதை விட நூறு மடங்கு நல்லது.

போன் போயிருச்சுன்னா

இந்த வரிசைய குடும்பத்துல எல்லாரும் தெரிஞ்சு வச்சுக்கங்க. பக்கத்துல யார் போனாவது வாங்கி முதல்ல பேங்கோட ஃப்ராட் லைன், ஆப்பையும் கார்டையும் நிறுத்த சொல்லுங்க. அடுத்து நெட்வொர்க்குக்கு போன் போட்டு சிம்மை ப்ளாக் பண்ணுங்க. ஆண்ட்ராய்டுன்னா சிம் ப்ளாக் ஆகுறதுக்கு முன்னாடியே, போன் ஆன்லைன்ல இருக்கும்போதே கூகுளோட ரிமோட் லாக் பேஜ்ல போன் நம்பரை மட்டும் போட்டு பூட்டலாம், ஆனா முன்னாடியே செட்டிங்ஸ்ல தெஃப்ட் ப்ரொடெக்ஷன்ல அதை ஆன் பண்ணி வச்சிருக்கணும், இன்னைக்கே பண்ணிருங்க. கூடவே லாக் ஸ்க்ரீன்ல மெசேஜ் தெரியாத மாதிரி மறைச்சு வைங்க, சிம்முக்கும் ஒரு பின் போடுங்க, இல்லன்னா சிம்மை கழட்டி வேற போன்ல போட்டா ஓடிபி எல்லாம் அங்க வந்துரும்.

வீட்டுக்கு வந்து லேப்டாப்ல வெப் வால்ட் திறந்து, செட்டிங்ஸ்ல மை அக்கவுண்ட்ல 'டீஆத்தரைஸ் செஷன்ஸ்'னு இருக்கும், அதை அழுத்தினா எல்லா டிவைஸ்லயும் லாக்அவுட் ஆகிடும். டிராயர்ல இருக்கிற பழைய போனை எடுத்து கோடு போட்டு மறுபடி உள்ள போங்க. போன்ல திறந்திருந்த ஜிமெயில்ல இருந்து அந்த டிவைஸை தூக்கிட்டு பாஸ்வேர்டை மாத்துங்க, அப்புறம் பேங்க், அப்புறம் சார்ஸ்.

மறுநாள் அதே நம்பர்ல புது சிம் வாங்க போறப்ப சிம் பதிவுக்கான ரிகா சட்டப்படி ஐடியும் அட்ரஸ் ப்ரூஃபும் கேப்பாங்க. நம்மள மாதிரி விசால இருக்கிறவங்களுக்கு பாஸ்போர்ட், வாடகை வீட்ல இருக்கிறவங்களுக்கு லீஸ் பேப்பர் மாதிரி ஏதாவது. அதுல ஒரு பிரிண்ட் எடுத்து அந்த ரெண்டாவது பேப்பர் இருக்கிற கவர்லயே போட்டு வைங்க.